பேட்டரி பார்சல் அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு: என் 41,600 ரூபாய் போய்விட்டது

இன்று காலையில்தான் நான் பார்சல் பதிவு செய்த தளத்திலிருந்து கடைசி மெயில் வந்தது. 'பொருளைப் பற்றித் தவறான விவரம் தரப்பட்டிருப்பதால் இழப்பீடு வழங்க இயலாது.' தவறான விவரம் தந்தது நானாம்! படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. கோபம் ஆறிய பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். பேட்டரியை எப்படி முறையாக அனுப்புவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

கோவையில் எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு பேட்டரி பேக் கட்டிக் கொடுப்பது என் தொழில். டேராடூனில் சைக்கிள் வாடகைக்கு விடும் ஒருவர் 48 வோல்ட், 15 ஆம்பியர் ஹவர் பேக் இரண்டு கேட்டார். ஒன்று 18,500 ரூபாய், இரண்டும் சேர்த்து 37,000. ஒவ்வொன்றும் 720 வாட் ஹவர். 100 வாட் ஹவரைத் தாண்டிய லித்தியம் அயான் பேட்டரிக்கு சின்ன பேட்டரிகளுக்கான சலுகை எதுவும் விமானத்தில் கிடையாது. முழுக்க 9-ஆம் வகுப்பு ஆபத்தான சரக்கு. தனி பேட்டரியாக அனுப்பினால் யூஎன் 3480 என்ற எண் போட வேண்டும். பயணிகள் விமானத்தில் அதைச் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் முதல் தடை. சரக்கு விமானம் என்றாலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தத் தலைவலியே வேண்டாம், லாரியில் போனால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பல கூரியர்களின் ரேட்டை ஒரே இடத்தில் காட்டுகிற புக்கிங் தளம் ஒன்றில் பதிவு செய்தேன். பொருள் என்ன என்ற கட்டத்தில் 'லித்தியம் அயான் பேட்டரி' என்றே போட்டேன். அவர்களுடைய பிக்கப் ஏஜென்ட் கடைக்கு வந்தார். உண்மையைச் சொல்கிறேன், அவரை நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. நான் வாய் திறப்பதற்கு முன்பே "யூஎன் 38.3 டெஸ்ட் ரிப்போர்ட் இருக்குங்களாண்ணா?" என்று கேட்டார். லித்தியம் பேட்டரியைப் பாதுகாப்பாக எடுத்துச் செல்லலாம் என்று காட்டும் ஐ.நா. சோதனையின் அறிக்கை அது. இத்தனை வருடத்தில் எந்தக் கூரியர்காரரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. முனைகளுக்கு டேப் சுற்றியிருக்கிறேனா என்று தொட்டுப் பார்த்தார். மேல் பாதியில் கறுப்புக் கோடுகள், கீழே தீப்பிடித்த பேட்டரி படம் போட்ட சாய்சதுர லேபிளைப் பையிலிருந்து எடுத்து என் கண் முன்னாலேயே ஒட்டினார். "ஸ்பெஷல் பேக்கிங் 2,400 ஆகும்ங்க, சர்ஃபேஸ்லதான் போகும், இன்சூரன்ஸும் சேர்த்துப் போட்டுர்றேன்" என்றார். விஷயம் தெரிந்த ஆள் கிடைத்தாரே என்று நிம்மதியாகப் பணத்தைக் கொடுத்தேன். கூரியர் கட்டணம் 2,200. ஆக மொத்தம் 41,600.

பார்சல் லாரியில் ஏறவே இல்லை. விமான நிலைய ஸ்கேனிங்கில் பிடிபட்டு நின்றது. கேட்டபோது கூரியர் ஹப்பிலிருந்து, அதாவது பார்சல்களைப் பிரித்து அனுப்பும் இடத்திலிருந்து, ஒரு போட்டோ அனுப்பினார்கள். பெட்டியைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் கவர், லேபிள் வெளியே தெரியவே இல்லை. பில்லில் 'சைக்கிள் ஸ்பேர்ஸ்' என்று எழுதியிருந்தது. அனுப்புநர் இடத்தில் என் பெயர்!

எனக்கு வயிறு எரிவது பணத்துக்காக மட்டும் இல்லை. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் ஒரு 747 சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து பைலட்கள் இருவரும் இறந்தார்கள். அதில் ஏராளமாக லித்தியம் பேட்டரிகள் இருந்தன, ஆபத்தான சரக்கு என்று அறிவிக்காமல் ஏற்றிய பேட்டரிகளும் அவற்றில் இருந்தன என்று விசாரணை அறிக்கை சொன்னது. அதே வேலையை என் பெயரில் செய்யப் பார்த்திருக்கிறார்கள். ஸ்கேனிங்கில் இருந்தவர் கவனிக்காமல் விட்டிருந்தால்?

அப்புறம் அலைக்கழிப்பு. ஏஜென்ட், "நான் கரெக்டாத்தான் குடுத்தேங்கண்ணா, ஹப்ல கேளுங்க." ஹப்பில், "புக் பண்ண தளத்துல கேளுங்க சார்." தளத்தின் சாட்டில், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், மேலதிகாரிகளுக்கு அனுப்பியுள்ளோம்." மறுநாள் பார்த்தால் 'தீர்வு காணப்பட்டது' என்று புகாரையே மூடிவிட்டார்கள். என்ன தீர்வு? ஏஜென்ட் இப்போது என் போனை எடுப்பதே இல்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார். இன்சூரன்ஸ் கேட்டால் பில்லில் ஸ்பேர்ஸ் என்று இருக்கிறதே என்கிறார்கள். அவர்கள் ஆளே எழுதிய பொய்க்கு நான் பொறுப்பு! பேக் இரண்டும் இப்போது எங்கே இருக்கின்றன என்று சொல்லக்கூட ஆள் இல்லை. டேராடூன்காரருக்கு அவர் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் என்ன பாவம் செய்தார்? ஆக 41,600 ரூபாயும் என் தலையில்.

தளத்தின் பெயரைக் கமென்ட்டில் கேட்காதீர்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். பில் பிரின்ட் ஆகி, அதில் 'லித்தியம் அயான் பேட்டரி, யூஎன் 3480' என்று உங்கள் கண்ணால் பார்க்காமல் பெட்டியைக் கையிலிருந்து விடாதீர்கள். தரைவழி என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை செல்லாது. லேபிளோடு பெட்டியின் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், நான் எடுத்த ஒரே போட்டோதான் இப்போது வக்கீல் கையில் இருக்கிறது. உப்பிய பேட்டரி, அடிபட்ட பேட்டரியை யார் என்ன சொன்னாலும் கூரியரில் கொடுக்காதீர்கள். 'ஸ்பேர்ஸ்னு போட்டுக்கலாம்ங்க' என்று எவராவது சொன்னால் அந்த நிமிஷமே பெட்டியைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.