ஏசி கேஸ் கசிவு: சில வருடங்கள் டிடெக்டரோடு பழகியதில் தெரிந்தது

ஏசியில் கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது. பெட்ரோல் மாதிரி எரிந்து செலவாகிற பொருளல்ல, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம். உப்புக் காற்றில் செம்பும் அலுமினியமும் சீக்கிரமே அரித்துப்போகும். கூலிங் குறைந்தால் மெக்கானிக் வருவார். "சார், கேஸ் கம்மியா இருக்கு, ரொப்பிட்டா சரியாயிடும்" என்பார். அடுத்த கோடையிலும் அதே பேச்சு. இது அலுத்துப்போய்த்தான் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கையடக்க டிடெக்டர் ஒன்றை வாங்கினேன், ஹீட்டட் டயோடு சென்சார் (சூடான உணரியில் கேஸ் பட்டால் பீப் அடிக்கும் வகை) உள்ளது. என் வீடு, தங்கை வீடு, பக்கத்து ஃபிளாட்டுகள் என்று இதுவரை நன்றாகவே உழைத்திருக்கிறது.

கருவியை எடுப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து கசியும், அதில் தூசி ஒட்டிக்கொள்ளும். தங்கை வீட்டில் இன்டோர் யூனிட்டின் பின்னால் இன்சுலேஷனைப் பிரித்தபோது, ஃபிளேர் நட்டைச் (செம்புக் குழாயின் விரித்த நுனியை யூனிட்டோடு இறுக்கும் நட்டு) சுற்றிக் கறுப்பாகப் பிசுபிசுப்பு. டிடெக்டர் முனையை நட்டுக்குக் கீழே கொண்டுபோனதும் பீப் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. சோப்புத் தண்ணீர் தடவினால் பெரிய குமிழி ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஊசிமுனை அளவில் வெள்ளை நுரை மெல்லத் திரண்டது. அவசரப்பட்டுத் துடைத்திருந்தால் அது தெரிந்தே இருக்காது.

இந்தத் தேடலை ஏசியை நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஆர்32 என்ற வகைக் கேஸ் உள்ள ஏசி நின்றிருக்கும்போது, 30 டிகிரி வெப்பத்தில் உள்ளே சுமார் 265 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கும். ஓடும்போது இன்டோர் காயிலில் (உள் யூனிட்டில் காற்றைக் குளிர்விக்கும் குழாய் வளையம்) ஏறத்தாழ பாதிதான். அழுத்தம் அதிகம் இருந்தால்தான் சின்னக் கசிவும் வெளியே காட்டிக்கொடுக்கும். ஃபேனையும் அணைத்துவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் ஜாயின்ட்டின் அடிப்பக்கமாக, மிக மெதுவாக முனையை நகர்த்த வேண்டும்.

குறைகளும் உண்டு. சானிடைசர், சென்ட், காயில் கழுவும் ஸ்ப்ரே எதுவாக இருந்தாலும் இது கத்தும். ஈரம் பட்டால் சென்சார் கெட்டுவிடும். சென்சார் தேய்கிற பொருள், நாளாக ஆக மாற்றத்தான் வேண்டும். விலை குறைவு என்று கொரோனா டிஸ்சார்ஜ் எனும் வகை டிடெக்டரை வாங்காதீர்கள். அதன் முனையில் மின்பொறி உண்டு, ஆர்32 தீப்பற்றக்கூடிய கேஸ்.

ஆனால் என் அனுபவத்தில் கடைசித் தீர்ப்பு சொல்வது நைட்ரஜன் டெஸ்ட்தான். மெக்கானிக் மிச்சக் கேஸை எடுத்துவிட்டு, ரெகுலேட்டர் வைத்து நைட்ரஜனை 350 பிஎஸ்ஐ போல ஏற்றி இரவு முழுக்க விட்டுவைப்பார். காலையில் அழுத்தமானியின் முள் கொஞ்சம் இறங்கியிருந்தாலே கசிவு என்று முடிவுகட்ட வேண்டாம். இரவில் வெப்பம் 6 டிகிரி குறைந்தால் அதற்கே சுமார் 7 பிஎஸ்ஐ இறங்கும். அதற்கு மேல் இறங்கினால்தான் தேட வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்ற யாரையும் விடாதீர்கள். ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

ஃபிளேர் நட்டில் கசிவு என்றால் செலவு சின்னது. பைப் நுனியை வெட்டி மறுபடி ஃபிளேர் செய்து (நுனியை விரித்து), வேக்யூம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), யூனிட் தகட்டில் உள்ள கிராம் கணக்குப்படி கேஸை எடைபோட்டு நிரப்பினால் முடிந்தது. கேஸ் ஏற்றும் சர்வீஸ் வால்வின் மூடியையும் இறுக்கச் சொல்லுங்கள், பலர் அதைத் தொலைத்துவிடுகிறார்கள். இன்டோர் காயிலே அரித்திருந்தால் கதை வேறு. ஒரு துளையை அடைத்தால் கொஞ்ச நாளில் பக்கத்தில் இன்னொன்று வரும். அங்கே வெல்டிங்குக்குப் பணம் கொடுப்பதைவிட வாரண்டி அட்டையை எடுத்துப் பார்ப்பேன். காயிலுக்குத் தனி வாரண்டி இருந்தால் புதுக் காயிலே கேட்பேன்.