முதல் பூட்டு எது? அக்ரிலிக்கா, பித்தளையா, லீவரா

சாவி இல்லாமல் பூட்டைத் திறப்பதைப் பொழுதுபோக்காகப் பழக விரும்புகிறவருக்கு, சாவித் துவாரத்தில் விட்டுக் குடைய எந்தக் கொக்கி வாங்குவது என்பதைவிட எந்தப் பூட்டில் தொடங்குவது என்பதுதான் பெரிய கேள்வி. டெல்டாவில் இருப்பவர் கைக்கு எட்டுவது மூன்று வகை. இணையத்தில் வரவழைக்கும், உள்ளே எல்லாம் தெரிகிற அக்ரிலிக் பயிற்சிப் பூட்டு ஒன்று. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும் சின்னப் பித்தளைப் பூட்டு இன்னொன்று. மூன்றாவது, திண்டுக்கல் வகை லீவர் பூட்டு. நான் பித்தளையின் பக்கம். அதற்குப் பாதிக் காரணம் நம் ஊர் ஈரக் காற்று.

எந்தப் பூட்டானாலும் அது உங்கள் சொந்தப் பூட்டாக இருக்க வேண்டும். வாசலிலோ பீரோவிலோ பயன்பாட்டில் இருப்பதைத் தொடவே கூடாது. பழகும்போது உள்ளே இருக்கும் ‘பின்’ என்ற சிறு உலோகக் குச்சி சிக்கும், ஸ்பிரிங் நசுங்கும். அப்புறம் சாவி போட்டாலும் திறக்காது.

அக்ரிலிக் பூட்டின் பயன் பாடம் புரிவது. ஒவ்வொரு துளையிலும் கீழே சாவியைத் தொடும் பின், அதற்கு மேல் இன்னொரு பின், அதற்கும் மேல் ஸ்பிரிங். இரண்டு பின்னும் சந்திக்கும் இடம், சாவி நுழைந்து திரும்புகிற பகுதியான உருளையின் விளிம்புக்கு நேராக வந்தால் உருளை திரும்பும். இதை அரை மணி நேரம் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அதன் வேலை முடிந்தது. துளைகள் தளர்வாக இருப்பதால் எப்படிக் குடைந்தாலும் திறந்துவிடும். கண் வேலை செய்கிற வரை விரல் பழகாது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் துணி சுற்றிவிட்டுப் பழகுங்கள். கரைப்பான் கலந்த ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள், அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்பு விழும்.

லீவர் பூட்டின் மேல் எனக்கு மரியாதை அதிகம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது தகுதியான கௌரவம். லீவர் என்பது உள்ளே சாவி தூக்குகிற தகடு. அதைக் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. 1778-ல் ராபர்ட் பாரன் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. ஆனால் முதல் பூட்டாக இது வேண்டாம். மெல்லிய கொக்கி இதன் ஸ்பிரிங்குக்கு வளைந்துவிடும், தடித்த கம்பியை நாமே வளைத்துக்கொள்ள வேண்டும். லீவர் பூட்டில் என் கைப்பழக்கம் குறைவு என்பதால் இதற்கு மேல் தீர்ப்பு சொல்லமாட்டேன்.

பித்தளையில் எதை எடுப்பது? கடைக்காரரிடம் சாவியை வாங்கிப் பாருங்கள். குழாய் மாதிரித் தண்டும் நுனியில் கொடி மாதிரித் தகடும் இருந்தால் அது லீவர். தட்டையான சாவியில் ஒரு பக்கம் மேடு பள்ளம் இருந்தால் பின் பூட்டு. 40 மில்லிமீட்டர் அளவு எடுங்கள். அதைவிடச் சின்னதில் சாவித் துவாரம் குறுகல், கொக்கியும், உருளையைத் திருப்ப அழுத்துகிற முறுக்குக் கம்பியும் சேர்ந்து நுழையாது. சாவியின் மேடு பள்ளம் மிதமாக ஏறி இறங்க வேண்டும். பிடிப்பக்கம் ஆழமான பள்ளமும் அதை ஒட்டி உள்ளே உயரமான மேடும் இருந்தால் அந்தப் பூட்டைத் திருப்பிக் கொடுங்கள். பின்னால் இருக்கும் பின்னைத் தூக்கப் போனால் கொக்கியின் உடல் முன்னால் இருக்கும் பின்னைத் தேவைக்கு மேல் தள்ளிவிடும். விலை உயர்ந்ததைத் தேடாதீர்கள். அவற்றில் இடை சிறுத்த பின்கள் இருக்கலாம். உருளை கொஞ்சம் திரும்பி, திறந்துவிட்டது போல் ஏமாற்றி, நின்றுவிடும்.

இனி, எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம்: பராமரிப்பு. பூட்டுத் திறப்பதில் புதியவர் கற்க வேண்டியது ஒரே ஒரு வித்தியாசம்தான். எந்தப் பின் இறுகி நிற்கிறது, எது ஸ்பிரிங்கில் துள்ளுகிறது. துருவும் பிசுக்கும் எல்லாப் பின்னையும் இறுகினது போலவே காட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில், அதுவும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில், இரும்பு லீவர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழகுகிறவர் துருவோடு மல்லுக்கட்டிக்கொண்டு, தன் கைதான் சரியில்லை என்று நினைப்பார். பித்தளை உடம்பும் பின்னும் துருப்பிடிக்காது. வளையம் எஃகு, அது துருப்பிடித்தாலும் விரலுக்கு வரும் உணர்வைக் கெடுக்காது. உள் ஸ்பிரிங் மட்டும் மலிவான பூட்டில் எஃகாக இருக்கலாம். பின்னை அழுத்தி விட்டதும் அது தானாகக் கீழே இறங்கவில்லை என்றால் அங்கேதான் கோளாறு.

நம் வீடுகளில் பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். பயிற்சிப் பூட்டுக்கு அதுதான் எமன். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், மார்கழி விடியற்காலையில் பின்கள் நகரவே நகராது. வெயில் ஏறியதும் இளகி, அறுவடைத் தூசியைப் பிடித்துக் கறுப்புச் சேறாகிவிடும். அப்படி ஆன பூட்டைக் கழுவ மண்ணெண்ணெயோ டபிள்யூடி-40 ஸ்பிரேயோ போதும். துவாரம் கீழே பார்க்கப் பிடித்து நன்றாக அடித்து, வடியவிட்டு, ஒரு நாள் உலர்த்துங்கள். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, சாவியின் மேல். சாவியைப் பத்துத் தடவை உள்ளே வெளியே இழுத்து, ஒட்டி வரும் கறுப்பை வெள்ளைத் துணியில் துடைத்து, சாவி சுத்தமாக வரும் வரை தொடருங்கள். பென்சில் தூள் போடுகிறவர் எண்ணெய் விடவே கூடாது. இரண்டும் கலந்தால் பசை. பழகாத நாளில் மூடியுள்ள டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

திறக்கும் முறைக்கு வருவோம். 0.6 மில்லிமீட்டர் தடிமனில் சிறு கொக்கி ஒன்று போதும். கார் வைப்பருக்குள் இருக்கும் எஃகுப் பட்டையை வளைத்தால் முறுக்குக் கம்பி. ஹாக்சா பிளேடைத் தேய்த்துக் கொக்கி செய்கிறவர் அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். நுனி நீலம் பாரித்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம், வளைந்துவிடும்.

முறுக்குக் கம்பியைப் பின்களுக்கு எதிர் விளிம்பில் செருகி, பூத்தொடுக்கிறவர் வாழைநாரை இழுக்கிற அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். முடிச்சு இறுக வேண்டும், காம்பு அறக்கூடாது. உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு பின்னாகத் தொட்டு வந்தால் ஒன்று மட்டும் கல் மாதிரி நிற்கும். துளைகள் அச்சாக ஒரே கோட்டில் அமைவதில்லை, அதனால் ஒரு நேரத்தில் ஒரு பின்தான் இறுகும். அதை மெல்லத் தூக்க, ஒரு சொடுக்கு. உருளை மயிரிழை நகர்வது முறுக்குக் கம்பியில் தெரியும். உடனே வேறொரு பின் இறுகும். நான்கு பின் பூட்டில் வரிசை மூன்று, ஒன்று, நான்கு, இரண்டு என்று இருக்கலாம். எதுவானாலும் அந்தப் பூட்டுக்குப் பெரும்பாலும் அதே வரிசைதான் வரும், எழுதி வையுங்கள்.

எல்லாப் பின்னும் செத்தது போல் இருந்தும் உருளை திரும்பவில்லையா? ஒன்றைக் கூடுதலாகத் தூக்கிவிட்டீர்கள். அழுத்தத்தை இழை இழையாகக் குறைத்து, ஒரு பின் விழும் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். முழுதாக விட்டால் எல்லாமே விழுந்துவிடும். உருளை திரும்பத் தொடங்கிய பிறகு சில பூட்டில் தாழ்ப்பாளின் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். அதைத் தோல்வி என்று நினைத்துக் கையை எடுத்துவிடாதீர்கள், அங்கே கொஞ்சம் பலமாகத் திருப்பினால் வளையம் துள்ளிவிடும்.

பித்தளைப் பூட்டுக்கு ஒரு குறை உண்டு. பின்கள் இருக்கும் துளைகளை அடைத்துவிடுவதால் பிரிக்க முடியாது, இரண்டு பின்னில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை. அதற்காக அக்ரிலிக்குக்குத் திரும்ப வேண்டாம். வரிசை கைக்கு மனப்பாடமானதும் கதவுப் பூட்டு சிலிண்டர் ஒன்று தனியாக வாங்குங்கள். பின்புறக் கிளிப்பைக் கழற்றி, உருளையின் விட்டத்துக்குச் சமமான மரக்குச்சியால் அதைத் தள்ளியபடி வெளியே எடுத்தால் ஸ்பிரிங் தெறிக்காது. தட்டில் ஈரத்துணி விரித்து அதன் மேல் செய்யுங்கள், பின் உருண்டு ஓடாது.