மட்டிக்களி ஒழுங்கைக் கராஜ்: பழைய ஹொண்டா வைத்திருப்போருக்காக ஒரு மதிப்பீடு

திருகோணமலையில் பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு உப்புக் காற்று செய்யும் கெடுதலைவிட, எதையும் அளந்து பாராமல் பாகத்தைக் கழற்றி மாற்றிவிடும் கராஜ் செய்யும் கெடுதல் அதிகம் என்பது என் கருத்து. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், எப்போதோ விற்றிருக்க வேண்டிய வண்டிகளை எல்லாம் திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டிய நிலை பலருக்கும் வந்தது. அந்த வகையில் என்னிடம் தங்கிவிட்ட ஹொண்டா சி.டி. 125 பென்லியை நான் கொண்டுசெல்லும் கராஜ் மட்டிக்களியை அண்டிய ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது; தகரக் கூரையின் கீழ் இரண்டு வண்டிகளுக்கு இடமுண்டு; மூன்றாவது வண்டி வேப்பமர நிழலில் நிற்கும்.

அங்கு வேலை செய்பவர் அறுபது வயதைக் கடந்த ஒருவர். அவருக்கு உதவியாக ஓர் இளைஞர் இருக்கிறார். பற்றரி போய்விட்டது, புதிதாக ஒன்று போட்டுத் தாருங்கள் என்று நான் கேட்டபோது, "அளந்து பாப்பம் தம்பி, வாங்குறதப் பற்றிப் பிறகு பேசுவம்" என்றார். 12 வோல்ற் பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ற்றையும், எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது பற்றரி முனைகளில் 13.5 முதல் 14.5 வரையும் காட்ட வேண்டும். என் பற்றரி ஓய்வில் சரியாகவே இருந்தது. குற்றம், வண்டியின் இரும்புச் சட்டத்தோடு திருகப்பட்டிருந்த ஏர்த் வயரின் முனையில், பச்சை பூத்துப்போன வளையத்தில் இருந்தது. கடலோர ஊரில் பழைய வண்டிகளின் மின்சாரக் கோளாறுகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான் என்று அவர் சொன்னதை, அதன் பிறகு நண்பர்களின் வண்டிகளிலும் கண்டிருக்கிறேன். விளக்கு மங்குதல், ஹோர்ன் கம்முதல், இன்டிகேற்றர் விட்டுவிட்டு எரிதல் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால் பாகம் வாங்கக் கடைக்குப் போகுமுன், ஏர்த் முனையைக் கழற்றி, மணற்கடதாசியால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, மெல்லிதாகக் கிறீஸ் பூசிப் பூட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கராஜின் மிகப் பெரிய பலம் வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் நெம்புக்கும் நடுவே விடும் இடைவெளி, விடயத்தில் அது காட்டும் நிதானம். என் வண்டிக்கு உரிய 0.05 மில்லிமீற்றர் இடைவெளி, எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்கப்பட வேண்டும் என்பதால், முதல் நாள் மாலையே வண்டியை விட்டுச் செல்லச் சொல்கிறார். அந்த இடைவெளியால் எழும் ரப்பெட் சத்தம் துளியும் கேட்கக் கூடாது என்று எதிர்பார்க்கும் வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்த, சில கராஜ்களில் இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிடுகிறார்கள். அப்படி இறுக்கினால் எஞ்சின் சூடேறியதும் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமர மாட்டாது, அழுத்தம் கசியும், நாளடைவில் வெளியேற்று வால்வின் விளிம்பே கருகும். மெல்லிய டிக் டிக் சத்தம் உள்ள பழைய ஹொண்டாவே ஆரோக்கியமான ஹொண்டா. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பொயின்ற் வைத்த வண்டிகளில் அதன் இடைவெளியையும் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள், மெல்லிய அளவுத் தகடுகளான பீலர் கேஜ் வைத்தே சரிசெய்கிறார், கண்மதிப்பில் வைப்பதில்லை.

ஒயில் விடயத்திலும் அவரது கண்டிப்பு நியாயமானது. எஞ்சின், கிளச், கியர்ப்பெட்டி மூன்றும் ஒரே ஒயிலில் நனையும் வண்டிகளுக்குப் போத்தலில் ஜாசோ எம்.ஏ. என்ற ஜப்பானியத் தரக்குறி இருக்க வேண்டும். எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கத் தொடங்கலாம். சீனன்குடாவில் லங்கா ஐ.ஓ.சி. கலந்து அடைக்கும் சேர்வோவின் மோட்டார் சைக்கிள் ஒயில் எங்கள் ஊரிலேயே தயாராவதால், விலையுயர்ந்த வெளிநாட்டுப் போத்தலைத் தேடி அலைய எனக்குத் தேவை இருக்கவில்லை. ஒயிலை விடவும் முக்கியமானது, பழைய சிறிய ஹொண்டாக்களில் கடதாசி வடிகட்டி இல்லை என்பதாகும். அடியில் ஒரு கம்பிவலையும், கிளச் மூடிக்குள் சுழன்றபடியே அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஒயிலை மட்டும் மாற்றி அந்தக் கிண்ணத்தைத் திறவாமல் விடுவது, குளித்துவிட்டு அழுக்குச் சாரத்தையே உடுத்துவதற்கு ஒப்பாகும். இவர் அதைத் திறந்து, உள்ளே படிந்திருக்கும் கரிய களியைச் சுரண்டி, உரிமையாளருக்குக் காட்டிய பின்பே மூடுகிறார்.

நீண்ட நாள் நின்ற வண்டிகளோடு அவருக்குப் பழக்கம் அதிகம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கியூ.ஆர். அட்டையில் வாரத்துக்கு 4 லீற்றர் கிடைத்த நாட்களில், வீட்டுக்கு ஒரு வண்டியை மட்டும் ஓட்டி மற்றதை மூலையில் நிறுத்தியவர்கள் பலர். பின்னர் அவற்றின் காபரேற்றர்களில் பெற்றோல் பிசினாகி, அது பாயும் நுண்துளையான ஜெற் அடைத்திருந்தது. சில வாரங்களுக்கு மேல் நிறுத்துவதானால் பெற்றோல் டப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் காபரேற்றரை வெறுமையாக்க வேண்டும், தாங்கியையோ நிறைத்து வைக்க வேண்டும். பாதித் தாங்கியில் மாரிகாலத்து ஈரக்காற்று புகுந்தால் உட்சுவர் துருவேறும்.

ஓட்டும் பழக்கம் பற்றி அவர் சொல்வதில் ஒன்றோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. காலையில் சோக்கை இழுத்து ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே எஞ்சினைச் சூடாக்க வேண்டும் என்கிறார். சோக் இழுத்த நிலையில் பெற்றோல் அதிகமாகச் சென்று சிலிண்டர் சுவரின் ஒயில் படலத்தைக் கழுவுவதோடு பிளக்கிலும் கரி படியும். எனவே சீராக இயங்கத் தொடங்கியதும் புறப்பட்டு, முதல் இரண்டு கிலோமீற்றரை முறுக்காமல் ஓட்டுவதே நல்லது. மற்றபடி, உவர்மலை ஏற்றத்தில் உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவிடாமல் முன்கூட்டியே கியரைக் குறைத்தல், பின்பிரேக் மிதியில் காலை வைத்தபடியே ஓடாமை, கிளச்சைப் பாதி பிடித்தபடி சந்தியில் நிற்காமை என அவர் வலியுறுத்துபவை யாவும் சரியானவை. முன்பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பயந்து பின்பிரேக்கை மட்டும் நம்புபவர்களிடம், வண்டியை நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன்சக்கரத்திலேயே இருக்கிறது என்பதை மைதானத்துக்கு அழைத்துச் சென்று ஓட்டிக் காட்டவும் அவர் தயங்குவதில்லை. ட்ரம் பிரேக்குக்குள் வெள்ளம் புகுந்தால் பிடி குறையும். வெள்ளத்தைத் தாண்டியதும் இரு பிரேக்குகளையும் மெல்லப் பிடித்தபடி சிறிது தூரம் ஓடினால் அது உலரும்.

குறைகளும் உண்டு. டயரை அவர் பொருட்படுத்துவதே இல்லை. டயரின் மேற்பரப்புப் பள்ளங்களான பூ பொத்தானளவு இருந்தால் போதும் என்கிறார். ஆனால் குறைவாக ஓடும் பழைய வண்டிகளில் பூ தேயுமுன்னரே இறப்பர் கல்லாகிவிடும். டயரின் பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கின்றன. 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். நிலாவெளி வீதியில் இருட்டியபின் மாடுகள் படுத்திருக்கும், நகருக்குள் புள்ளிமான்கள் குறுக்கே வரும்; மங்கிய பழைய முன்விளக்கோடு ஓடுபவர், நனைந்த தாரில் பிடிக்காத டயரை வைத்துக்கொண்டு அவற்றை எதிர்கொள்ளக் கூடாது. இரவில் ஹபரணைப் பக்கம் யானை மறிக்கும் பாதையைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

வெளிப்பூச்சு வேலை மோசம். செயின் கவருக்கு அவர் அடித்துத் தந்த கறுப்புப் பூச்சு, துருவைச் சரியாகச் சுரண்டாமல் அடித்ததால், ஒரு மாரியைக்கூடத் தாங்கவில்லை; அதை வேறிடத்தில் செய்விப்பது நல்லது. கடற்கரைக்குப் போய்வந்த பின் வண்டியை நல்ல தண்ணீரால் கழுவி, ஆரைக்கம்பிகளை ஒயில் துணியால் துடைப்பது எப்படியும் உரிமையாளரின் வேலை. சேர்விஸ் நிலையத்து அழுத்தத் தண்ணீரைச் சக்கர மையங்களுக்கு நேரே அடிக்க விடவும் கூடாது. கேபிள்களில் அசலும் போலியும் கலந்து வைத்திருக்கிறார். கேட்டால் மறைக்காமல் சொல்லுவார், கேட்காவிட்டால் மலிவானதைப் பூட்டிவிடுவார். பற்றுச்சீட்டு கேட்டு வாங்க வேண்டும். கூலி நகரக் கராஜ்களைவிடக் குறைவு என்றாலும், ஒருநாள் வேலை மூன்று நாளாக நீளுவதால், அதே வண்டியில் அன்றாடம் வேலைக்குப் போகிறவர் மாற்று ஏற்பாட்டோடுதான் போக வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் பழைய ஹொண்டா, சுசுகி ஜி.என். 125 போன்றவற்றுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் அவருக்கு ஆர்வம் இல்லை. எரிபொருள் ஊசிமுறை வண்டிகளைத் தொடவே மாட்டார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கோயிலுக்குப் போய்விடுவதால் பூட்டியிருக்கும். மாரிக்கு முந்திய பராமரிப்புக்குப் புரட்டாசியிலேயே நாள் கேட்டு வைப்பது நல்லது. ஐப்பசி மழை தொடங்கியதும் வேப்பமரத்தின் கீழ் வண்டி நிறுத்த முடியாது, அதனால் அப்போது அவர் ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளுக்கு மேல் எடுப்பதில்லை.