அச்சுத் துளை போட பெஞ்ச் டிரில்லா, பித்தளைக் கட்டையா?

மரக்கட்டையில் செதுக்கிய சிறு பந்தய வண்டிகளைச் சரிவான பாதையில் ஓடவிடும் போட்டி, 1953-இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் சாரணச் சிறுவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. அதே அளவுகளை வைத்துக்கொண்டு, ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்னும் ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அக்கா பிள்ளைகளோடும் தெருப் பிள்ளைகளோடும் இரண்டு ஆண்டுகளாக நான் வண்டி செய்துவருகிறேன். 7 அங்குல நீளமும் 1¾ அங்குல அகலமும் கொண்ட பைன் கட்டை, அச்சாக நான்கு ஆணி, நான்கு சக்கரம். மொத்த எடை 5 அவுன்ஸுக்குள், அதாவது ஏறத்தாழ 142 கிராமுக்குள் இருக்க வேண்டும். செதுக்குவதையும் வண்ணம் பூசுவதையும் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள். அச்சு இறங்கும் துளையில்தான் பெரியவர்களின் கையும் தடுமாறுகிறது.

துளை சற்றே சாய்ந்தாலும் சக்கரம் திரும்பி நிற்கும். வண்டி நேரே போகாமல் பாதையின் நடுப்பட்டையில் உரசி வேகத்தை இழக்கும். 1 பாகை விலகிய திசையில் உருளும் வண்டி, 10 மீட்டர் தூரத்தில் 17 சென்டிமீட்டருக்கு மேல் ஒதுங்கிவிடும் என்று கணக்கிட்டால் இதன் கடுமை விளங்கும். பைன் மரத்தின் ஆண்டு வளையங்களில் மென்மையான பட்டையும் கடினமான பட்டையும் மாறி மாறி வருவதால், டிரில்லின் மெல்லிய பிட் (துளைக்கும் கம்பி) கடினமான பட்டையில் முட்டி, மென்மையான பக்கம் வழுகிப் போகிறது. ஆகவே கையில் பிடித்த டிரில்லால் கண் மதிப்பாகத் துளையிடுவதை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ரம்பத்தால் காடி வெட்டி ஆணியை அதில் பொருத்தும் முறையும் உண்டு. காடியில் ஆணி அசைந்துகொடுப்பதால் அதையும் விட்டுவிட்டேன்.

எஞ்சுபவை இரண்டு. ஒன்று, மேசை மேல் நிற்கும் பெஞ்ச் டிரில். மற்றொன்று, கை டிரில்லுக்கு வழிகாட்டும் துளையுள்ள பித்தளைக் கட்டை. புதிய பெஞ்ச் டிரில்லில், மேசைக்கும் பிட்டுக்கும் இடையே மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்துவிட்டால், துளை செங்குத்தாக இறங்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் முதலில் வாங்கியதும் அதைத்தான்.

ஆனால் எங்கள் ஊர் கடலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததிலிருந்தே இங்குள்ள காற்றின் தன்மையை அறியலாம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், உலோகத்தின் மேல் படிந்திருக்கும் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்குகிறது; வாடைக் காற்று வீசும் மாதங்களில் அந்த ஈரம் இங்கே நாள் முழுவதும் இருக்கும். அதோடு மரத்தூளும் சேர்ந்தால் அது ஈரத்துணி போல உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. என் பெஞ்ச் டிரில்லின் தூண் முதல் மழைக்காலத்திலேயே செம்பழுப்பாகி, மேசையை ஏற்றி இறக்குவது சிரமமாயிற்று. அடுத்து, பிட்டைக் கவ்வும் சக் பொருந்தும் கூம்பிலும் துரு ஏறியது. அங்கே துரு ஏறினால் பிட்டின் முனை வட்டமடிக்கும், துளையும் அகன்றுவிடும். அதன்பின் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. எண்ணெய் பூசிக் காத்தேன். அந்த எண்ணெய் மரக்கட்டையில் பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டவில்லை.

பித்தளைக் கட்டையை நான் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மையான காரணம் இதுதான்: அதுவும் கை டிரில்லும் பிட்டுகளும் மூடி இறுகிய ஒரு டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு அடங்கிவிடுகின்றன. பெஞ்ச் டிரில்லை எந்த டப்பாவில் வைப்பது?

லேத் பட்டறைக்காரர் முதலில் தயங்கினார். "பித்தளைல போட்டா துரு ஏறாது அண்ணே, ஆனா பிட்டு அதையே தின்னுரும்," என்றார். அவர் சொன்னது சரியே. அதனால் ஒரே கட்டையில் இரண்டு துளைகள் போடச் சொன்னேன். ஒன்று தேய்ந்தால் மற்றொன்று இருக்கும். இதுவரை 11 வண்டிகளுக்கு 44 துளைகள் போட்டும் முதல் துளை தளரவில்லை. பிட்டை வழித்துளைக்குள் நுழைத்த பிறகே டிரில்லை ஓட்டுவது அதற்கு உதவியிருக்கலாம்.

பித்தளைக் கட்டை 'ட' வடிவில் இருக்க வேண்டும். ஒரு முகம் வண்டியின் அடியிலும் மற்றொன்று பக்கவாட்டிலும் படிந்தால், நான்கு துளைகளும் அடியிலிருந்து ஒரே உயரத்தில் அமையும். வழித்துளையின் நீளத்தை 12 மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள். கடையில் கிடைக்கும் 2.2 மில்லிமீட்டர் பிட்டின் மொத்த நீளம் 53, அதில் சுருள் வெட்டு 27 மட்டுமே. வழித்துளை நீண்டால் தூள் வெளியேற வழியின்றி அடைத்து, பிட் சூடேறி வளையும். 12 மில்லிமீட்டர் என்றாலும், 20 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறக்கும்போது இரண்டு மூன்று முறை வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டியிருக்கிறது. பிட் வாங்குமுன் ஆணியின் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளந்துகொள்வதும், மரக்கட்டை செவ்வகமாக இருக்கும்போதே, செதுக்குவதற்கு முன்பே, துளையிடுவதும் இரண்டு முறைக்கும் பொது.

பித்தளைக் கட்டையின் துளையே சாய்ந்திருந்தால் அந்தப் பிழை நான்கிலும் பதியும். இதைக் கண்டறிய, வீணான ஒரு பைன் துண்டில் இரு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கவிட்டு, நேரான கம்பி ஒன்றை உள்ளே செலுத்திப் பாருங்கள். தடையின்றி மறுபக்கம் வந்தால் கட்டையை நம்பலாம். என் கட்டையில் முதல்முறை கம்பி நடுவில் தட்டியது. பட்டறைக்காரர் ஒரு முகத்தை மீண்டும் சீவித் தந்த பிறகே சரியாயிற்று.

பின் சக்கரங்கள் வெளிப்புற விளிம்பைத் தூக்கி ஓட, அச்சுத் துளையை இரண்டரை, மூன்று பாகை வேண்டுமென்றே சாய்த்துப் போடுபவர்களும் உண்டு. அதை நான் இரண்டு வண்டிகளில்தான் முயன்றிருக்கிறேன். இரண்டிலும் பித்தளைக் கட்டைக்கு அடியில் ஆப்பு வைத்தபோது கட்டை நழுவியது. அந்த வேலைக்கு, மேசையில் ஆப்பு வைத்து இறுக்கக்கூடிய பெஞ்ச் டிரில்லே மேலாக இருக்கலாம் என்று இப்போதைக்குத் தோன்றுகிறது. சாய்வுத் துளைக்கென்று இன்னொரு பித்தளைக் கட்டை செய்யச் சொல்லியிருக்கிறேன். அது இன்னும் பட்டறையிலிருந்து வரவில்லை.