‘ரெண்டே டிரிப்’ என்று சொன்னால் டிக்கெட் போடாதீர்கள்

குழந்தைக்காக வெளியூர் போய் ஐ.வி.எஃப். சிகிச்சை (முட்டையை வெளியே எடுத்து, கருவாக்கி, மறுபடி கருப்பையில் வைப்பது) எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரைப் போட மாட்டேன். வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. சென்னையில் இருக்கிறது, ஊர் ஊராக முகாம் போடுகிறது. அவ்வளவு போதும்.

எங்கள் ஊர் ராஜபாளையம். ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச ஆலோசனை முகாம் என்று போனோம். டாக்டர் எங்களிடம் பேசியது ஐந்து நிமிஷம், கவுன்சிலர் என்ற பெண் பேசியது முக்கால் மணி நேரம். ஒரு காலண்டர் தாளை எடுத்து, பச்சைப் பேனாவால் இரண்டு வட்டம் போட்டார். “முதல் டிரிப் ரெண்டு நாள். ரெண்டாவது டிரிப் ஏழு நாள், முட்டை எடுத்து கருவும் வச்சு அனுப்பிடுவோம். நடுவுல ஸ்கேன் எல்லாம் உங்க ஊர்லயே எடுத்து வாட்ஸப்ல போடுங்க மேடம்.” தங்கும் அறையோடு சேர்த்து 1,75,000 ரூபாய். மாதவிலக்கு தள்ளிப்போனால் டிக்கெட் என்னாகும் என்று கேட்டேன். மாத்திரை கொடுத்து அந்தத் தேதிக்கே வரவைத்துவிடுவோம் என்றார். மாத்திரையால் ஆரம்பத் தேதியை நகர்த்த முடியும், அது உண்மைதான். ஆரம்பித்த பிறகு முட்டை எத்தனை நாளில் வளரும் என்பது யார் கையிலும் இல்லை. அதை அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

பச்சை வட்டங்களை நம்பி பொதிகை எக்ஸ்பிரஸில் போக வர நாலு டிக்கெட்டும் போட்டார் என் வீட்டுக்காரர். மில்லில் லீவும் அந்தத் தேதிக்கே சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் நாத்தனார் வீட்டுக்குப் போவதாகச் சொன்னோம். இந்த விஷயத்தில் பொய்க்கும் தேதி வேண்டியிருக்கிறது, தேதி மாறினால் புதுப் பொய் தேட வேண்டியிருக்கிறது.

முதல் டிரிப்பில், முட்டை வளர்வதற்குத் தினமும் போட வேண்டிய ஊசிப் பெட்டியைக் கையில் கொடுத்தபோதுதான் ஊசிக்குத் தனிக் காசு என்று தெரிந்தது. கடைசியில் ஊசிக்கு மட்டும் 82,000 ஆனது. எங்களுக்குக் கொடுத்த ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் பேக் வைத்து மடியிலேயே கொண்டுவந்தேன். ஊசி போட ஆரம்பித்த ஆறாம் நாள், வியாழக்கிழமை, ஊரில் ஸ்கேன் எடுத்து அனுப்பினோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு யாரோ போனில், “இமேஜ் தெளிவா இல்ல, நாளைக்குக் காலைல நேர்ல வந்துடுங்க” என்றார்கள். எங்கள் டிக்கெட் அடுத்த திங்கள் இரவுக்கு. அன்றைக்குக் கிளம்பும் வண்டிக்குத் தட்கால் முந்தின நாளே திறந்து முடிந்திருக்கும். கிடைத்தது ஆம்னி பஸ்ஸில் கடைசி வரிசை, சக்கரத்துக்கு நேர் மேலே. எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி உண்டு, ஏ.எம்.ஹெச். (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.8, அது அதிகம். அப்படிப்பட்ட உடம்பில் ஊசி போட்டால் சினைப்பை வேகமாக வீங்கும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அடிவயிற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்ததும் அவர்களே எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நம் ஊர் ரிப்போர்ட்டில் இருந்த அதே கணக்கைத்தான் சொன்னார்கள். வெளி ஸ்கேனை அவர்கள் எப்போதுமே ஏற்பதில்லை என்று அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த தர்மபுரி அக்கா சொன்னார். அவருக்கும் அதே பச்சைப் பேனா.

சரி, அறை. ‘ஃபிரிட்ஜ் வசதியுடன்’ என்று எழுதியிருந்தது. ஃபிரிட்ஜ் இருந்தது கீழே மேனேஜரின் சமையலறையில். என் ஊசிப் பெட்டி இட்லி மாவுத் தூக்குக்கும் ஒரு மீன் பொட்டலத்துக்கும் நடுவில் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் தற்செயலாகத் தொட்டுப் பார்த்தால் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. கரண்ட் பில்லுக்காக ராத்திரி பத்து மணிக்கு மேல் சுவிட்சை அணைத்துவிடுவாராம்! மையத்தில் சொன்னால், அறை வேறு நிர்வாகம் என்றார்கள். கெட்டுப்போனதா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை, மறுபடி புது ஊசி வாங்கினோம். நீங்கள் வெளியூரில் தங்கினால் முதல் வேலையாக ஃபிரிட்ஜுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, விடிகாலையில் தொட்டுப் பாருங்கள்.

திங்கள் இரவு சரியாக 9.30க்கு ட்ரிக்கர் ஊசி, முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசி. அதிலிருந்து ஏறக்குறைய 35 மணி நேரத்தில் முட்டை எடுக்க வேண்டும், ரொம்ப முன்னே பின்னே போனால் வீணாகிவிடலாம். புதன் காலை 19 முட்டை எடுத்தார்கள். வியாழன் காலை ஒரு நர்ஸ் வந்து, “இந்த மாசம் கரு வைக்கலை, ஃப்ரீஸ் பண்றோம், ரெண்டு மாசம் கழிச்சு வாங்க” என்றார். ஃப்ரீஸ் செய்ய 25,000, பிறகு கரு வைப்பது தனி பேக்கேஜ், 60,000.

நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்: ஃப்ரீஸ் செய்த முடிவு தப்பில்லை. இத்தனை முட்டை வந்த உடம்பில் உடனே கரு வைத்து, அது தங்கிவிட்டால் வயிற்றில் நீர் கோர்ப்பது இன்னும் மோசமாகும். ஆனால் அந்த வாய்ப்பு முகாம் அன்றே என் ரிப்போர்ட்டில் இருந்தது. மூன்றாவது டிரிப் வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் வேறு கணக்குப் போட்டிருப்போம்.

அப்புறம் நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. கரு வைக்காததால் அறையும் அத்துடன் முடிந்ததாம், மறுநாள் வெள்ளிக்கிழமை காலி செய்யச் சொன்னார்கள். கிளம்பலாமா என்று கேட்டதற்கு, “தாராளமா போகலாம்” என்றார்கள். வெள்ளி இரவு தட்காலில் வண்டி ஏறினோம். விழுப்புரம் தாண்டும்போது சுடிதார் நாடாவை இரண்டாவது முறை தளர்த்தினேன். திருச்சியில் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது, சிறுநீர் போய்ப் பல மணி நேரம் ஆகியிருந்தது. 24 மணி நேர எண் என்று கொடுத்ததற்கு இவர் பதினோரு தடவை அடித்தார். ரிங் போனதோடு சரி.

மதுரையில் விடியுமுன் இறங்கி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூட்டியில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிவிட்டு, “என்னம்மா, முட்டை எடுத்த மூணாம் நாள் ராத்திரி வண்டியிலயா அனுப்பினாங்க?” என்று கேட்டார். நாலு நாள் படுக்கை. தினமும் எடை பார்த்தார்கள், வயிற்றை டேப் வைத்து அளந்தார்கள், குடிக்கிற தண்ணீரும் போகிற சிறுநீரும் எழுதி வைத்தார்கள். வயிறு உப்பல், வாந்தி, சிறுநீர் குறைவது, ஒரே நாளில் கிலோக் கணக்கில் எடை ஏறுவது, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் உடனே காட்ட வேண்டும் என்று அங்கேதான் முதல்முதலாக எங்களுக்குச் சொன்னார்கள்.

2021ஆம் ஆண்டு உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை) சட்டப்படி செலவு, பக்கவிளைவு, ஆபத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே தம்பதிக்குச் சொல்ல வேண்டியது மையத்தின் கடமை. குறைதீர்ப்புப் பிரிவும் வைத்திருக்க வேண்டும். நான் எழுதிய கடிதத்துக்கு அந்தப் பிரிவிலிருந்து வந்த பதில்: ‘தங்கள் கருத்துக்கு நன்றி.’ நுகர்வோர் ஆணையத்தில் புகாரை நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எனக்கு விருதுநகர். பில், ஊசி ஸ்டிக்கர், வாட்ஸப் செய்தி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் காலண்டர் தாளை மட்டும் கடைசி நாள் ஃபைலோடு வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. நீங்கள் முகாம் முடிந்து வெளியே வருமுன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

பேக்கேஜில் ஊசி, ஃப்ரீஸ், அடுத்த முறை கரு வைப்பது இதெல்லாம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வெளி ஸ்கேனை ஏற்பீர்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஊசி ஆரம்பித்ததிலிருந்து மூன்று வாரம் அந்த ஊரிலேயே இருக்கிற மாதிரி லீவும் பணமும் இல்லையென்றால், அவ்வளவு பெயர் பெறாத மையமாக இருந்தாலும் பக்கத்து ஊரில் பாருங்கள். மதுரையிலேயே பார்த்திருக்கலாம் என்று அத்தை இன்னும் சொல்கிறார். அவர் சொன்னபோது கேட்கவில்லை.

எங்கள் ஐந்து கருக்கள் இன்னும் அந்த மையத்தில்தான் இருக்கின்றன. வேறு இடத்துக்கு மாற்றினால் வழியில் எது நடந்தாலும் நாங்களே பொறுப்பு என்று எழுதிக் கேட்கிறார்கள், அதற்கு மனசு வரவில்லை. ஆவணியில் மறுபடி அங்கேதான் போகிறோம். அறை நாங்களே பார்த்துவிட்டோம், ஃபிரிட்ஜ் அறைக்குள்ளேயே இருக்கிறது. போவதற்கு மட்டும் டிக்கெட் போட்டிருக்கிறார் இவர்.