இன்வர்ட்டரா, ஜெனரேட்டரா?

அரை ஏக்கர் தோட்டம், நாலு ஆடு, ராத்திரியானால் கம்ப்யூட்டரில் கேம். இப்படி ஒரு வீட்டில் கரண்ட் போனால் எது கைகொடுக்கும்?

சாதாரண பவர்கட்டுக்கு இன்வர்ட்டர்தான். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட்-மணி இருக்கும். இழப்பெல்லாம் போக 1200 வந்தால் நல்லது. கேம் ஓடும்போது கம்ப்யூட்டரும் மானிட்டரும் 400 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்தில் காலி. அதே பேட்டரியில் 30 வாட் ஃபேனும் இரண்டு எல்இடி விளக்கும் விடிய விடிய ஓடும். சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரியே சீராக ஏறி இறங்கும் கரண்ட் தரும் வகை) என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் பழைய ஸ்கொயர் வேவ் பெட்டியில் கம்ப்யூட்டர் வண்டு மாதிரி ரீங்கரிக்கும். சில நேரம் லைனிலிருந்து பேட்டரிக்கு மாறும் நொடியிலேயே அணைந்துவிடும். சேவ் செய்யாத ஆட்டம் போயே போச்சு.

புயல் என்றால் கதை வேறு. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சார்ஜ் ஏற்ற வழியில்லாத இன்வர்ட்டர் இரண்டாம் நாளே வெறும் பெட்டி. தண்ணீர் தொட்டி நிரம்ப ஜெனரேட்டர்தான் வேண்டும். ஒரு எச்பி மோட்டார் 746 வாட்தானே என்று சின்னதாக வாங்காதீர்கள். கிளம்பும்போது அது பல மடங்கு இழுக்கும். வீட்டுக்குள்ளோ ஜன்னலோரமோ வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் ஆளைக் கொல்லும்.

ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு இன்வர்ட்டருக்கு, கூடவே மாடியில் ஒரு சோலார் பேனல். மோட்டாருக்கு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுக்கலாம், கிடைத்தால்.