குளிரால் வந்த வீக்கம் என்றார்கள்: கோத்தகிரியில் என் அம்மாவின் கைக்கு நடந்தது

கடந்த ஜனவரியில், தேயிலைச் செடிகள் உறைபனியில் கருகிக்கொண்டிருந்த வாரத்தில், 72 வயதான என் அம்மாவை நிமோனியாவுக்காகக் கோத்தகிரி வட்டாரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்து நாள் அங்கே இருந்தார். நிமோனியா குறையவில்லை, வலது கை கெட்டதுதான் மிச்சம். புகார் கொடுத்திருப்பதால் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வயதானவர் இருக்கும் எந்த வீட்டுக்கும் இது நாளை நடக்கலாம்.

சேர்த்த அன்று இரவே வலது மணிக்கட்டு மடிகிற இடத்தில் வென்ஃப்ளான் போட்டார்கள், நரம்பு என்று நாம் சொல்லும் ரத்தநாளத்துக்குள் மருந்து ஏற்றச் செருகும் குழாய். பச்சை நிறத்தது. பச்சை என்றால் 18ஆம் எண், இளஞ்சிவப்பு 20, நீலம் 22. எண் கூடக் கூடக் குழாய் மெலியும். மெலிந்த நரம்புள்ள கிழவிக்கு, மருந்தும் சலைனும் ஏற்ற, அவ்வளவு தடிமனான குழாய் எதற்கு என்று அன்று கேட்க எனக்குத் தெரியவில்லை. ஊசியே கைக்குள் இருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசியைக் குத்தியவுடன் வெளியே எடுத்துவிடுகிறார்கள். உள்ளே நிற்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய். மணிக்கட்டு மடங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய் பிஸ்டன் போல உள்ளே போய் வெளியே வருகிறது. நரம்பின் சுவரை உரசுகிறது, தோலில் இருக்கும் கிருமியையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் முடிந்தவரை மூட்டை விட்டு விலகி, முன்கையில் போடச் சொல்கிறார்கள்.

அதைப் பொருத்திய விதம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. குழாய் போட்ட சிஸ்டர் வெள்ளைப் பிளாஸ்டரை நான்கு துண்டாகக் கத்தரித்து, கட்டில் கம்பியில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொண்டார். எத்தனை பேர் தொட்ட கம்பியோ! அங்கிருந்து ஒவ்வொன்றாக உரித்துக் குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தின் மேலேயே ஒட்டினார். அதற்கும் மேல் துணிக்கட்டு. அதற்கும் மேல், குளிராக இருக்கிறதென்று ஸ்வெட்டர் கையை நானே இழுத்துவிட்டேன். மூன்று நாள் அந்த இடத்தை ஒரு மனிதக் கண்ணும் பார்க்கவில்லை.

அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். வலி என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர். இரண்டாம் நாள் மாலை, "சுருக்கு சுருக்கென்று இருக்கிறது. சிஸ்டரிடம் சொல்லிவிடாதே, பாவம், அந்தப் பிள்ளைக்கு எத்தனை வேலை" என்றார். நான் சொன்னேன். "டிரிப்ஸ் ஓடுகிறதே பாட்டி, ஒன்றும் இல்லை" என்று குழாயைச் சுண்டிவிட்டுப் போனார் அவர். டிரிப்ஸ் சொட்டுவதால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகாது. குழாய் நரம்பை விட்டு நழுவிய பிறகும் மருந்து சொட்டிக்கொண்டேதான் இருக்கும், தோலுக்கடியில் இறங்கி.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கம்பளியை விலக்கிப் பார்த்தேன். விரல்கள் உப்பியிருந்தன. மோதிர விரலில் செப்பு மோதிரம் தெரியவே இல்லை. சதை அதன் மேல் மூடிக்கொண்டது. புறங்கை வெளுத்து, பளபளவென்று இழுபட்டு, தொட்டால் சில்லென்று இருந்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டேன். "மலைக்குளிரில் இப்படித்தான் வீங்கும். காலையில் டாக்டர் பார்ப்பார்" என்றார்கள்.

குளிர் என்றால் இரண்டு கையும்தானே சில்லென்று இருக்க வேண்டும்? இடது கை கம்பளிக்குள் கதகதப்பாக இருந்தது. வீக்கம், வெளுப்பு, ஒரு கையில் மட்டும் குளிர்ச்சி, இவை மருந்து சதைக்குள் இறங்குவதன் அடையாளங்கள். சிவந்து, சூடாகி, நரம்பு கயிறுபோல் தடித்தால் அது ரத்தநாள அழற்சி. எதுவானாலும் உடனே நிறுத்திக் குழாயை எடுக்க வேண்டும். காலை எட்டு மணி வரை மருந்து என் அம்மாவின் கைக்குள் சொட்டியது. அந்த ஆறு மணி நேரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. குழாயின் பூட்டை நானே மூடிவிட்டு மறுபடி போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்றும் தூங்கவிடுவதில்லை.

காலையில் வேறு ஒருவர் வந்து பிளாஸ்டரை ஒரே இழுப்பில் உரித்தார். அதோடு தோலும் வந்தது, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு. முதுமைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி. ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டரைத் தோலோடு ஒட்டினாற்போல மெதுவாக மடித்து எடுக்க வேண்டும். அம்மா கத்தவில்லை, என் முந்தானையைக் கடித்துக்கொண்டார். மோதிரத்தை நூல் சுற்றிக் கழற்ற அரை மணி நேரம் ஆனது.

ஐந்தாம் நாள் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்றோம். மேட்டுப்பாளையம் இறங்கும் வரை ஒவ்வொரு வளைவிலும் பாட்டில் ஊசலாட, குழாய் கையை இழுக்க, நான் அதைச் சுருட்டி உள்ளங்கையில் பிடித்துக்கொண்டே வந்தேன். அங்கே சேர்ந்ததும் நீல நிற வென்ஃப்ளானை முன்கையில் போட்டார்கள். மருந்து தடவிய தோல் காயும்வரை காத்திருந்து, கண்ணாடி போன்ற ஒட்டுத்தாளை மேலே ஒட்டி, ஓரத்தில் தேதியும் நேரமும் எழுதினார் அந்தச் செவிலியர். குழாயை ஒரு வளையமாகச் சுருட்டித் தனியாகக் கையில் ஒட்டினார். எதிலாவது மாட்டி இழுபட்டாலும் இழுப்பு அந்த ஒட்டோடு நிற்கும், நரம்புவரை போகாது. குழாய் நுழையும் புள்ளி அந்தத் தாள் வழியாகப் பளிச்சென்று தெரிந்தது. "ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா. நான் வரும்போதெல்லாம் கையை ஏற்றிக் காட்ட வேண்டும்" என்றார். இரவு மூன்று மணிக்கும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் பழைய பில்லை எடுத்தேன். 'டிரான்ஸ்பரன்ட் டிரெஸ்ஸிங், 6, தலா 180 ரூபாய்' என்று அதில் அச்சாகியிருந்தது. அந்தக் கண்ணாடி ஒட்டுத்தாள் ஒன்றுகூட அம்மாவின் கையில் ஒட்டப்படவில்லை. வென்ஃப்ளான் நான்கு என்று இருந்தது, போட்டது இரண்டு. 1,080 ரூபாய் பெரிய தொகை இல்லை என்பார்கள். அந்த 180 ரூபாய்த் தாளில் ஒன்று உண்மையிலேயே ஒட்டப்பட்டிருந்தால் இரண்டாம் நாளே வீக்கம் தெரிந்திருக்கும். என் அம்மாவின் கையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பொருளுக்கே காசு வாங்கிக்கொண்டு பிளாஸ்டரை ஒட்டியிருக்கிறார்கள்.

சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்தில் கேட்டேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. எனக்கு ஒன்பதாம் நாள்தான் கிடைத்தது. காசு கொடுத்துப் பெறும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் ஆலோசனை கேட்கலாம். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் எழுதியிருக்கிறேன். பில்லையும் கையின் படங்களையும் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அன்று இரவே செல்போனில் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தேன். நேரம் அதிலேயே பதிவாகியிருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து ஒருவர் பேசினார். டிரெஸ்ஸிங் பணத்தைத் திருப்பித் தருவார்களாம், புகாரைத் திரும்பப் பெற்றால். நான் கையெழுத்துப் போடவில்லை. கிடைத்த நகலில் மூன்றாம் நாள் இரவுப் பக்கம் என்னிடம் இருக்கிறது. பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி என்று மூன்று வேளைக்கும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், 'ஊசி போட்ட இடம் பார்க்கப்பட்டது, நன்றாக உள்ளது' என்று எழுதியிருக்கிறார்கள். பிளாஸ்டரைப் பிரித்தது மறுநாள் காலை எட்டு மணிக்கு.